பதினாறு மில்லிநொடிக் கெடு

நுழையும்முன்

தாம் ஆடும் விளையாட்டைப் பதிவுசெய்வதும் பிறர் காண நேரலையாக ஒளிபரப்புவதும் இக்கால இளைஞர் பலரின் ஈடுபாடாக வளர்ந்துள்ளன. அதற்கான கணினியை மேம்படுத்த முனைவோர் பெரும்பாலும் வேகம் என்னும் ஒற்றைச் சொல்லையே அளவுகோலாகக் கொள்கின்றனர். காட்சி தடையின்றி ஓட வேகம் மட்டும் போதுமா? கணினியின் எப்பகுதி எதற்காகக் காத்துக்கிடக்கிறது என்று அறியாமல் செலவிட்டால், பல மாதச் சேமிப்பு வீணாகும் அன்றோ? அறிவியல் தமிழில் அமைந்த இப்பாடம் இவ்வினாக்களை ஆராய்கிறது.

ஒரு நொடியின் அறுபது கூறுகள்

திரையில் ஓடுவதாகத் தோன்றும் காட்சி, அசையாத படங்களின் விரைந்த வரிசையே ஆகும். அப்படங்கள் ஒவ்வொன்றையும் சட்டகம் என்பர். திரைப்படத்திற்கு நொடிக்கு 24 சட்டகங்கள் போதும். அவை முன்னரே படம்பிடிக்கப்பட்டு ஆயத்தமாக இருப்பவை. கணினி விளையாட்டில் நிலைமை வேறு. அங்கே எச்சட்டகமும் முன்னரே இருப்பதில்லை. விளையாடுபவர் சுட்டியை எப்பக்கம் நகர்த்துவார் என்பது அவர் நகர்த்தும்வரை எவருக்கும் தெரியாது. நகர்த்திய பின்னரே எதிரி எங்கு நிற்கிறான், எறிந்த பொருள் எங்கு விழும், கதவு திறந்திருக்கிறதா என்பனவற்றை நுண்செயலி கணக்கிடுகிறது. அக்கணக்கைப் பெற்றுக்கொண்டு, வழக்கில் கிராபிக்ஸ் கார்டு எனப்படும் வரைகலை அட்டை, ஒளியும் நிழலும் கூட்டிப் படத்தைத் தீட்டித் திரைக்கு அனுப்புகிறது. நொடிக்கு 60 சட்டகங்கள் வேண்டுமாயின், ஒவ்வொரு சட்டகத்திற்கும் கிடைப்பது 16.67 மில்லிநொடி மட்டுமே. கண் ஒருமுறை இமைத்து முடிவதற்குள் ஆறு சட்டகங்களேனும் பிறந்து மறைந்துவிடும்.

இக்கெடுவைத் தவறவிட்ட சட்டகம் திரையில் ஒரு திக்கலாகத் தெரிகிறது. இங்கே ஓர் ஏமாற்றத்தைக் குறிப்பிட வேண்டும். ஒரு கணினி முதல் அரை நொடியில் 59 சட்டகங்களைத் தீட்டிவிட்டு, அடுத்த அரை நொடி முழுவதும் ஒரே சட்டகத்தோடு நின்றுவிடுகிறது எனக் கொள்வோம். அந்நொடிக்கான கணக்கு 60 சட்டகங்கள் என்றே காட்டும். எண் நிறைவாக இருக்கிறது. காட்சியோ உறைந்து நிற்கிறது! சராசரி என்னும் எண் மறைத்துவைக்கும் இக்குறையை வெளிச்சத்திற்குக் கொண்டுவந்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர், 'டெக் ரிப்போர்ட்' இதழின் ஆசிரியராக இருந்த ஸ்காட் வாசன். நொடிக்கு எத்தனை சட்டகங்கள் என்று எண்ணுவதை விடுத்து, ஒவ்வொரு சட்டகமும் எத்தனை மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது என்று அளக்க வேண்டும் என 2011ஆம் ஆண்டு அவர் எழுதினார். அதன் பின்னரே, மிக மெதுவான நூற்றில் ஒரு பங்குச் சட்டகங்களைத் தனியே கணக்கிடும் வழக்கம் வன்பொருள் ஆய்வாளரிடையே பரவியது.

மிருதங்கம் வாசிப்பவர் விரைந்து வாசிப்பதால் மட்டும் தாளம் அமைந்துவிடுவதில்லை. அடிக்கும் அடிக்கும் இடைப்பட்ட காலம் ஒத்திருக்க வேண்டும். சட்டகங்களின் கதையும் அதுவே. ஒழுங்காக வரும் 60, ஒழுங்கின்றி வரும் 90ஐக் காட்டிலும் கண்ணுக்கு இனியது.

பதிவு என்னும் இரண்டாம் சுமை

விளையாடுவதோடு நின்றால் கணினியின் பணி படத்தைத் தீட்டித் திரைக்கு அனுப்புவதோடு முடிந்துவிடும். பதிவும் நேரலையும் சேரும்போது, தீட்டிய ஒவ்வொரு படத்தையும் மீண்டும் எடுத்துச் சுருக்கிக் கட்டி அனுப்ப வேண்டியிருக்கிறது. அச்சுமையின் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் அதன் அருமை விளங்கும்.

இன்று பரவலாக உள்ள திரையில் கிடையாக 1920, செங்குத்தாக 1080 படப்புள்ளிகள் உள்ளன. பெருக்கினால் 20,73,600. ஒவ்வொரு புள்ளியின் வண்ணத்தையும் குறிக்க மூன்று பைட்டுகள் எனில், ஒரு சட்டகத்திற்கு ஏறத்தாழ 62 இலட்சம் பைட்டுகள். நொடிக்கு 60 சட்டகங்களுக்கு ஏறத்தாழ 373 மெகாபைட்டுகள். பிட் கணக்கில் சொன்னால் நொடிக்கு ஏறத்தாழ 3,000 மெகாபிட். விளையாட்டு நேரலைக்குப் பெயர்பெற்ற 'ட்விட்ச்' தளம் இத்தகைய காட்சிக்கு நெடுங்காலம் பரிந்துரைத்து வந்த அளவு நொடிக்கு 6 மெகாபிட். அதாவது, ஐந்நூறு பங்கில் ஒரு பங்காகக் காட்சியைச் சுருக்க வேண்டும். அதையும் அதே 16.67 மில்லிநொடிக்குள், விளையாட்டின் கைவேலையைத் தடுக்காமல், மணிக்கணக்கில் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

இச்சுருக்கத்தைக் குறியாக்கம் என்பர். 2003இல் வெளியான எச்.264 என்னும் தரநிலை இன்றும் இத்துறையில் பெரிதும் வழங்குகிறது. முந்தைய சட்டகத்திலிருந்து மாறாத பகுதிகளை மீண்டும் அனுப்பாமல், மாறியவற்றையும் நகர்ந்தவற்றையும் மட்டும் குறித்து அனுப்புவது இதன் அடிப்படை. சுவர் அசையாமல் நின்றால் அதைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஆள் இடப்பக்கம் நகர்ந்தால் எவ்வளவு நகர்ந்தான் என்று சொன்னால் போதும். புல்வெளியில் காற்று வீசி ஆயிரம் இதழ்களும் ஆளுக்கொரு பக்கம் அசையும் காட்சியில்தான் குறியாக்கி திணறும். நேரலையில் காட்டுவழியாக ஓடும்போது மட்டும் படம் கட்டம் கட்டமாகக் குழம்புவதன் காரணம் இதுவே. கணினியின் வேகக்குறைவு அன்று அது. 6 மெகாபிட்டுக்குள் அத்தனை அசைவையும் சொல்ல இடமில்லை என்பதே உண்மை.

சுருக்கும் பணியை யாரிடம் ஒப்படைப்பது?

இருவழிகள் உள்ளன. முதலாவது, நுண்செயலியிடமே ஒப்படைப்பது. 'எக்ஸ்264' என்னும் திறந்தமூல மென்பொருள் இப்பணியைச் செய்கிறது. மிக விரைவு, விரைவு, நடுத்தரம், மெதுவு எனப் பல படிநிலைகள் அதில் உண்டு. மெதுவான படிநிலையைத் தேர்ந்தால், மாறாத பகுதிகளை அது இன்னும் நுணுகித் தேடும். அதே 6 மெகாபிட்டுக்குள் படம் தெளிவாக அமையும். ஆனால் தேடுவதற்கு நுண்செயலியின் நேரம் வேண்டும். விளையாட்டுக்கும் அதே நுண்செயலியின் நேரமே வேண்டும். ஒரே மாட்டை ஏரிலும் ஏற்றத்திலும் ஒருசேரப் பூட்டுவது போன்றது இது.

இரண்டாவது, குறியாக்கத்திற்கென்றே வடிக்கப்பட்ட தனிச் சுற்றிடம் ஒப்படைப்பது. 2011இல் இன்டெல் தன் நுண்செயலிகளுக்குள் 'குயிக் சிங்க்' என்னும் சுற்றை வைத்தது. 2012இல் என்விடியா தன் வரைகலை அட்டைகளில் 'என்வென்க்' என்னும் சுற்றை அமைத்தது. ஏஎம்டி நிறுவனமும் அக்காலத்திலேயே இத்தகைய சுற்றைக் கொணர்ந்தது. இச்சுற்றுகள் சட்டகத்தைத் தீட்டும் பகுதியிலிருந்து வேறானவை. ஆகவே, இவை உழைக்கும்போது விளையாட்டின் வேகம் மிகச் சிறிதளவே குறைகிறது. தொடக்கத்தில் இவை தரும் படம் மங்கலாக இருந்தமையால் நேரலையாளர் இவற்றை விரும்பவில்லை. 2018இல் 'டியூரிங்' தலைமுறையோடு என்விடியாவின் சுற்று பெரிதும் திருந்தியது. நேரலைக்கெனத் தனியாக இரண்டாவது கணினி வைத்திருந்த பலருக்கு அதன் தேவை அதனோடு நீங்கியது.

இங்கே வாங்குபவர் விழிப்பாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 2019இல் வெளியான ஜிடிஎக்ஸ் 1660, ஜிடிஎக்ஸ் 1650 ஆகிய இரண்டும் ஒரே குடும்பத்து அட்டைகளாகவே விற்கப்பட்டன. ஆயினும், 1660இல் திருந்திய குறியாக்கச் சுற்றும், முதலில் வந்த 1650இல் முந்தைய தலைமுறைச் சுற்றும் இருந்தன. விளையாட மட்டும் வாங்குபவருக்கு இவ்வேறுபாடு பொருட்டன்று. நேரலைக்கு வாங்குபவருக்கோ அதுவே தலையாயது. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதை மட்டும் படிப்பவருக்கு இது தெரியவராது.

மூன்று எண்கள் சொல்லும் உண்மை

பதிவுக்கும் நேரலைக்கும் உலகெங்கும் மிகுதியாகப் பயன்படுவது 'ஓபிஎஸ் ஸ்டுடியோ' என்னும் கட்டணமற்ற திறந்தமூல மென்பொருள். ஹியூ பெய்லி என்பவர் 2012இல் இதன் முதல் பதிப்பை வெளியிட்டார். இம்மென்பொருளில் புள்ளிவிவரச் சாளரம் ஒன்று உண்டு. பலர் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை. கணினியை மேம்படுத்த விரும்புபவர் கடைக்குப் போகும் முன் அரைமணி நேரம் அச்சாளரத்தின் முன் அமர்ந்தால், பிறரிடம் அறிவுரை கேட்கும் தேவை பெரும்பாலும் நீங்கிவிடும் என்பது என் துணிபு.

இழந்த சட்டகங்களை அச்சாளரம் மூன்று வகையாகப் பிரித்துக் காட்டுகிறது. காட்சியைக் கோக்கும்போது இழந்தவை முதல் வகை. விளையாட்டின் படம், விளையாடுபவரின் முகம், எழுத்துகள் ஆகியவற்றை ஒன்றாகக் கோக்கும் பணியை வரைகலை அட்டையே செய்கிறது. விளையாட்டு அவ்வட்டையின் திறன் முழுவதையும் உறிஞ்சிக்கொண்டால் கோக்கும் பணிக்கு இடமில்லாமல் போகிறது. இவ்வெண் உயருமாயின் புதிய நுண்செயலி வாங்கிப் பயனில்லை. பணமே செலவிடாமல் முதலில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. விளையாட்டின் அமைப்புகளுக்குள் சென்று, நொடிக்கு 60 அல்லது 90 சட்டகங்களுக்கு மேல் தீட்டாதவாறு வரம்பு கட்டிவிடலாம். நிழலின் நுட்பத்தை ஒரு படி குறைக்கலாம். 140 சட்டகங்களைத் தீட்டித் தவித்துக்கொண்டிருந்த அட்டை, வரம்பு கட்டியவுடன் மூச்சுவிட இடம்பெறும். நேரலையைக் காண்பவருக்கு 60 சட்டகங்களே போகின்றன என்பதால் அவர்களுக்கு இழப்பொன்றும் இல்லை.

குறியாக்கத்தில் இழந்தவை இரண்டாம் வகை. எக்ஸ்264 படிநிலை மிகவும் மெதுவாக வைக்கப்பட்டிருந்தால் இவ்வெண் உயரும். படிநிலையை விரைவாக்குவது, அல்லது தனிச் சுற்றுக்கு மாறுவது இதற்குத் தீர்வு. இதுவும் பெரும்பாலும் செலவற்றதே. வலையமைப்பில் இழந்தவை மூன்றாம் வகை. இவ்வெண்ணுக்கும் கணினியின் வலிமைக்கும் தொடர்பே இல்லை. அனுப்பும் இணைய வேகம் போதவில்லை அல்லது நிலையாக இல்லை என்பதே பொருள். இங்கே ஓவர்கிளாக்கிங் செய்வது, சாலையில் பள்ளம் இருக்க வண்டியின் இயந்திரத்தை மாற்றுவதற்கு ஒப்பாகும். கம்பியில்லா இணைப்பை விடுத்து மோடத்திலிருந்து நேரடியாகக் கம்பி இழுத்தாலே பல வீடுகளில் இக்குறை நீங்கிவிடும்.

உண்மையாகவே மேம்படுத்த வேண்டியவை

மேற்சொன்னவற்றைச் செய்தும் திக்கல் நீங்கவில்லையெனில் வன்பொருளை நோக்கலாம். முதலில் ரேம். 16 ஜிகாபைட்டை ஒரே அட்டையாக வாங்குவதைவிட 8 ஜிகாபைட் அட்டைகள் இரண்டாக வாங்குவது நலம். டிடிஆர்4 வகையில் 3200 எனக் குறித்த ஓர் அட்டை நொடிக்கு அதிக அளவாக 25.6 ஜிகாபைட் தரவைக் கடத்தவல்லது. உரிய பொருத்துவாய்களில் இரண்டை வைத்தால் அது 51.2 ஆகிறது. மற்றொரு செய்தி பலரை வியப்பில் ஆழ்த்தும். 3200 என்று பெட்டியில் அச்சிட்ட ரேம், கணினியில் செருகியவுடன் அவ்வேகத்தில் ஓடுவதில்லை. பல தாய்ப்பலகைகளில் அது 2133 அல்லது 2400 என்னும் பாதுகாப்பான வேகத்திலேயே தொடங்கும். பயாஸ் அமைப்பிற்குள் சென்று 'எக்ஸ்எம்பி' என்பதை இயக்கினால்தான் நாம் விலைகொடுத்த வேகம் கிடைக்கும். ஆண்டுக்கணக்கில் இதை அறியாமலே கணினியைப் பயன்படுத்துவோர் உளர்.

அடுத்து வட்டு. பதிவு செய்வதற்கு மிக விரைவான வட்டு வேண்டும் என்னும் எண்ணம் பாதியே உண்மை. நொடிக்கு 40 மெகாபிட் தரத்தில் பதிவு செய்தாலும் எழுத வேண்டியது நொடிக்கு 5 மெகாபைட்தான். பழைய வன்தட்டும் இதை எளிதில் எழுதும். மணிக்கு 18 ஜிகாபைட் இடம் வேண்டும் என்பதுதான் கவனிக்கத்தக்கது. இடர் வேறிடத்தில் இருக்கிறது. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வன்தட்டு ஒருமுறை சுழல 8.3 மில்லிநொடி ஆகும். படிக்கும் முனை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நகர இன்னும் சில மில்லிநொடி. விளையாட்டு அடுத்த காட்டின் படங்களை அதே தட்டிலிருந்து கேட்கும்போது, முனை எழுதுவதை விட்டுப் படிக்க ஓடி மீள வேண்டியிருக்கிறது. ஒவ்வோர் ஓட்டமும் ஒரு சட்டகத்தின் கெடுவைத் தின்றுவிடும். ஆகவே விளையாட்டைச் சுழலும் பகுதியற்ற எஸ்.எஸ்.டி. வட்டிலும், பதிவைத் தனி வன்தட்டிலும் வைத்தால் போதும். பதிவை எம்பி4 கோப்பாக எழுதாமல் எம்கேவி கோப்பாக எழுதுவது அறிவுடைமை. மின்சாரம் இடையில் நின்றால் வழக்கமான எம்பி4 கோப்பு முழுவதும் திறக்க இயலாமல் போகும். எம்கேவியில் அதுவரை எழுதியது எஞ்சும்.

நுண்செயலியின் கதை சற்று விரித்துரைக்கத்தக்கது. 2017 ஏப்ரலில் ஏஎம்டி நிறுவனம் ரைசன் 5 1600 என்னும் நுண்செயலியை வெளியிட்டது. ஆறு கோர்கள், அடிப்படைத் துடிப்பு 3.2 ஜிகாஹெர்ட்ஸ். அதை ஓவர்கிளாக்கிங் செய்து 3.8 அல்லது 3.9 வரை உயர்த்தி மகிழ்ந்தவர் பலர். ஐந்தாண்டு கழித்து, 2022 ஏப்ரலில், அதே ஏஎம்4 பொருத்துவாயில் அமரும் ரைசன் 7 5800எக்ஸ்3டி வந்தது. இதற்கு முன் வந்த 5800எக்ஸ் 4.7 ஜிகாஹெர்ட்ஸ் வரை செல்லக்கூடியது. புதியதோ 4.5 வரைதான் செல்லும். மேலும், இதன் துடிப்பைப் பயனர் உயர்த்தவே இயலாதவாறு நிறுவனம் பூட்டிவைத்தது. துடிப்புக் குறைந்தும், பல விளையாட்டுகளில் இதுவே முந்தியது! எங்ஙனம்?

விடை நினைவகத்தில் இருக்கிறது. நுண்செயலி ஒரு தரவை ரேமிலிருந்து கேட்டால் அது வந்துசேர ஏறத்தாழ 80 நானோநொடி ஆகும். 4 ஜிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்புக்கு ஆகும் காலம் 0.25 நானோநொடி. எனவே ஒரு தரவுக்காக 320 துடிப்புகள் வெறுமனே கழிகின்றன. துடிப்பை 4.5 ஆக உயர்த்தினாலோ ரேம் அதே 80 நானோநொடியில்தான் விடை தரும். இப்போது கழியும் துடிப்புகள் 360. வேகம் கூடியதால் காத்திருத்தல் கூடியதேயன்றிப் பணி முந்தவில்லை. 5800எக்ஸ்3டியை வடிவமைத்தவர்கள் துடிப்பை உயர்த்தவில்லை. நுண்செயலிக்குள்ளேயே இருக்கும் கேச் நினைவகத்தை 32 மெகாபைட்டிலிருந்து 96 மெகாபைட்டாகப் பெருக்கினர். வேண்டிய பொருளை அங்காடிக்குச் சென்று வாங்காமல் அடுக்களைப் பரணிலேயே வைத்துக்கொள்வதைப் போன்றது இது. தாய்ப்பலகை நிறுவனம் அதற்குரிய பயாஸ் பதிப்பை வெளியிட்டிருந்தால், 1600 இருந்த பழைய பலகையிலேயே இதைப் பொருத்தலாம். பலகை, ரேம், பெட்டி எதுவும் மாற்ற வேண்டியதில்லை. ஆறு கோர்கள் எட்டாகின்றன என்பதால், விளையாட்டுக்குப் போக எஞ்சிய கோர்கள் பின்னணிப் பணிகளைப் பார்த்துக்கொள்ளும்.

தெரிந்து தெளிவோம்

முற்காலத்துத் தனியாள் கணினிகள் பலவற்றின் முகப்பில் 'டர்போ' என்னும் பொத்தான் இருந்தது. பெயரைக் கேட்டு அது கணினியை விரைவாக்கும் என எண்ணுவோம். உண்மையில் கணினியை மெதுவாக்குவதற்கே அது பயன்பட்டது. 1981இல் வந்த ஐபிஎம் கணினியின் துடிப்பு 4.77 மெகாஹெர்ட்ஸ். அத்துடிப்பையே கடிகாரமாகக் கொண்டு எழுதப்பட்ட பழைய விளையாட்டுகள், விரைவான கணினிகளில் ஆட இயலாத வேகத்தில் ஓடின. அவற்றை ஆட வேண்டுமானால் வேகத்தைக் குறைத்தாக வேண்டும்.

ஓவர்கிளாக்கிங்: அதன் பயனும் விலையும்

நுண்செயலியின் உற்பத்தியாளர் குறித்த துடிப்பைவிட மிகுதியான துடிப்பில் அதை இயக்குவதே ஓவர்கிளாக்கிங். தமிழில் இதை மிகைத்துடிப்பாக்கம் எனலாம். அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ், பெருக்கெண் 42 எனில் நுண்செயலி 4.2 ஜிகாஹெர்ட்ஸில் ஓடும். பெருக்கெண்ணை 45 ஆக்கினால் 4.5. இவ்வளவே இதன் செய்முறை. 1984இல் வந்த ஐபிஎம் ஏடி கணினியில் துடிப்பைத் தரும் படிகத்தைக் கழற்றி வேறு படிகம் வைத்து 6 மெகாஹெர்ட்ஸை 8 ஆக்கியோர் அன்றே இருந்தனர். இத்துறையின் பொற்காலம் 1998. அவ்வாண்டு இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ என்னும் மலிவான நுண்செயலியை, பேருந்துப்பாதைத் துடிப்பை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக மாற்றி 450இல் ஓட்ட முடிந்தது. ஒன்றரை மடங்கு வேகம், ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்காமல்!

அந்தக் காலம் மீளாது. 2004 அளவில் பென்டியம் 4 நுண்செயலி 3.8 ஜிகாஹெர்ட்ஸோடு நின்றது. 4 ஜிகாஹெர்ட்ஸ் திட்டத்தை இன்டெல் கைவிட்டது. வெப்பமே வேகத்திற்கு வேலியிட்ட தலையாய காரணம். அதன் பிறகு ஒரே சில்லில் பல கோர்களை வைக்கும் வழியை அனைவரும் மேற்கொண்டனர். விளையாடிக்கொண்டே பதிவுசெய்ய இயல்வதும் அதனால்தான். மேலும், சில்லில் எஞ்சியிருக்கும் திறனை இப்போது உற்பத்தியாளரே பிழிந்தெடுத்து விற்கின்றனர். 2024இல் வந்த கோர் ஐ9 14900கேஎஸ் பெட்டியிலிருந்து எடுத்தவுடனேயே 6.2 ஜிகாஹெர்ட்ஸைத் தொடக்கூடியது. பயனர் மேலும் கூட்டுவதற்கு அங்கே எவ்வளவு இடம் இருக்கும்?

விலையைக் கணக்கிடுவோம். நுண்செயலி உண்ணும் மின்திறன் துடிப்பெண்ணுக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருபடிக்கு நேர்விகிதத்திலும் உயரும். துடிப்பை உயர்த்தினால், சுற்றுகள் உரிய நேரத்தில் நிலைமாற மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டும். 4.5 ஜிகாஹெர்ட்ஸை 5.0 ஆக்க, மின்னழுத்தம் 1.20 வோல்ட்டிலிருந்து 1.35க்கு உயர்கிறது எனக் கொள்வோம். துடிப்பு 11 விழுக்காடு கூடுகிறது. மின்னழுத்தத்தின் இருபடி 27 விழுக்காடு கூடுகிறது. பெருக்கிப் பார்த்தால் மின்திறன் 41 விழுக்காடு கூடுகிறது. 11 பங்கு வேகத்திற்கு 41 பங்கு வெப்பம் என்பதே இவ்வணிகத்தின் பேரம். அந்த 11 பங்கும் நுண்செயலியே தடையாக இருக்கும் இடத்தில் மட்டும்தான் கிடைக்கும். வரைகலை அட்டை தடையாக இருப்பின் ஒரு பங்கும் கிடைக்காது.

வெப்பத்தோடு முடிவதில்லை. மிகுதியான மின்னழுத்தமும் வெப்பமும் சில்லின் ஆயுளைக் குறைக்கும். சில்லுக்குள் ஓடும் மெல்லிய கம்பிகளின் உலோக அணுக்களை மின்னோட்டம் சிறிது சிறிதாக நகர்த்திச் செல்லும். எலெக்ட்ரோமைக்ரேஷன் எனப்படும் இத்தேய்மானத்தின் விரைவை வெப்பநிலையோடு தொடர்புபடுத்தும் சமன்பாட்டை ஜேம்ஸ் பிளாக் 1969இல் வகுத்தளித்தார். மின்னழுத்தம் எத்துணை நுட்பமான எல்லை என்பதை 2024ஆம் ஆண்டு நிகழ்வு காட்டிற்று. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினி நுண்செயலிகள் சில நிலைகுலையத் தொடங்கின. தேவைக்கு மிகுந்த மின்னழுத்தமே காரணம் என அந்நிறுவனம் அறிவித்து, ஆகஸ்டு மாதம் திருத்தநிரலை வெளியிட்டதோடு, உத்தரவாதக் காலத்தையும் ஈராண்டு நீட்டித்தது. திருத்தநிரல் மேற்கொண்டு கேடு வராமல் தடுத்ததேயன்றி, முன்னரே கெட்ட சில்லைச் செம்மைப்படுத்தவில்லை.

நம் நாட்டவர் இன்னொன்றையும் எண்ண வேண்டும். ஓவர்கிளாக்கிங் வழிகாட்டிகள் பல, அறையின் வெப்பநிலை 22 பாகை அளவில் இருக்கும் நாடுகளில் எழுதப்பட்டவை. அறை எவ்வளவு சூடேறுகிறதோ ஏறத்தாழ அதே அளவு சில்லும் சூடேறும். சித்திரை, வைகாசியில் குளிரூட்டியில்லாத அறை 38 பாகையில் இருக்கும்போது, அங்கே 80 பாகையில் ஓடிய நுண்செயலி இங்கே 96இல் நிற்கும். பல நுண்செயலிகள் 100 பாகையை நெருங்கியதும் தம்மைக் காத்துக்கொள்ளத் துடிப்பைத் தாமே குறைத்துக்கொள்ளும். உயர்த்திய துடிப்பு ஏறுவதும் இறங்குவதுமாக அலைய, சட்டக இடைவெளிகள் சீர்குலையும். ஒழுங்கை நாடித் தொடங்கிய முயற்சி ஒழுங்கின்மையில் முடியும்.

ஆதலால் நான் மாணவர்க்குப் பரிந்துரைப்பது இதற்கு எதிர்வழி. துடிப்பை அப்படியே விட்டு மின்னழுத்தத்தைச் சிறிது தாழ்த்திப் பார்க்கலாம். 10 விழுக்காடு தாழ்த்த இயன்றால் மின்திறன் 19 விழுக்காடு குறையும். விசிறியின் இரைச்சல் அடங்கும். ஒலிவாங்கியில் அது பதியாது. வெப்ப எல்லையைத் தொடாமையால் துடிப்பும் நிலைத்து நிற்கும். குளிர்விப்பானின் இறகுகளில் படிந்த தூசியைத் துடைத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் பூசுவதும் இதனோடு சேரும். இவ்வளவுக்கும் ஆகும் செலவு சில நூறு ரூபாய்.

எதிர்வழியாயினும் நேர்வழியாயினும், மாற்றிய பின் சோதிக்க வேண்டும். விளையாட்டை மட்டும் ஒருமணி நேரம் ஆடிப்பார்த்து நிலையாக உள்ளது என்று நம்புவோர் நேரலையின் நடுவே கணினி நின்றுபோகக் காண்பர். குறியாக்கம் நுண்செயலியின் அகன்ற கணக்கீட்டுச் சுற்றுகளைப் பயன்படுத்துகிறது. விளையாட்டு தொடாத பகுதிகளும் அப்போது உழைக்கும். எனவே விளையாடிக்கொண்டே பதிவுசெய்து, அதையும் பிற்பகல் வெயிலில், இரண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பார்ப்பதே சோதனை. வரைகலை அட்டையைப் புதிதாக மாற்றியிருந்தால் எஸ்.எம்.பி.எஸ். அதன் தேவையைத் தாங்குமா என்பதையும் முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். தாங்காவிடில் சுமை உச்சத்தை எட்டும் நொடியில் கணினி அணைந்துவிடும்.

கற்பவை கற்றபின்

1. நொடிக்கு 144 சட்டகங்கள் காட்டும் திரையில் ஒரு சட்டகத்திற்குக் கிடைக்கும் காலத்தைக் கணக்கிடுக. நேரலைக்கு 60 சட்டகங்களே அனுப்பும் ஒருவருக்கு அத்திரை எவ்வகையில் பயன்படும் என வகுப்பில் கலந்துரையாடுக.

2. பள்ளிக் கணினி ஆய்வகத்திலுள்ள கணினி ஒன்றின் ரேம் எவ்வேகத்தில் ஓடுகிறது எனவும், அட்டையில் அச்சிட்ட வேகம் எது எனவும் ஆசிரியர் துணையுடன் ஒப்பிட்டு எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

வலையமைப்பில் சட்டகங்கள் இழக்கப்படுமாயின் முதலில் நோக்க வேண்டியது
அ) நுண்செயலியின் துடிப்பு ஆ) ரேமின் அளவு இ) இணைய இணைப்பின் நிலைத்தன்மை ஈ) வட்டின் வேகம்

குறுவினா

1. சராசரிச் சட்டக எண்ணிக்கை காட்சியின் சீர்மையை ஏன் முழுமையாகக் காட்டுவதில்லை?

2. காட்டுக் காட்சிகளில் நேரலைப் படம் குழம்புவதன் காரணம் யாது?

சிறுவினா

துடிப்புக் குறைந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி, துடிப்பு மிகுந்த 5800எக்ஸைப் பல விளையாட்டுகளில் முந்தியது எவ்வாறு?

நெடுவினா

ஒருவரிடம் இருபதாயிரம் ரூபாய் உள்ளது. அவருடைய ஓபிஎஸ் சாளரத்தில் காட்சியைக் கோக்கும்போது இழந்த சட்டகங்கள் மட்டும் மிகுதியாகத் தெரிகின்றன. பணத்தைச் செலவிடும் முன் அவர் செய்ய வேண்டியவற்றையும், செலவிடுவதாயின் எதில் செலவிட வேண்டும் என்பதையும் காரணங்களுடன் விளக்குக.